சைகோனிலிருந்து என்ன கொண்டு வந்தாய்?

(புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு மாலை நேர வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சின் நடையை அதிகம் மாற்றாமல் அச்சுக்குத் தந்திருக்கிறேன்.)



இந்த மேசைமேல் ஒரு பை இருக்கிறது. உள்ளே என்னவென்று முன்வரிசையில் ஓர் அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. ஊருக்குப் போய் வந்தவனின் முகத்தைப் பார்த்த கையோடு அவன் கையைப் பார்ப்பது நம் வழக்கம். திருப்பதி போனவன் லட்டு கொண்டுவர வேண்டும், திருநெல்வேலி போனவன் அல்வா கொண்டுவர வேண்டும். அப்படியானால் வியட்நாம் போனவன்? எனக்கு டிக்கெட் எடுத்த நாளிலிருந்து இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நம் செயலாளர் அதையே இன்றைய தலைப்பாக்கிவிட்டார்.

2023-இல் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேர் விமானம் வந்த பிறகு நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கூடிவிட்டார்கள். 1976-இல் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றினார்கள்; எனக்கு இன்னும் சைகோன் என்றுதான் வாயில் வருகிறது, மன்னிக்கவும். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் சுலபமாகிவிட்ட இந்தப் பயணத்துக்கு நம் புதுச்சேரியில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வரலாறு உண்டு. எதை வாங்கலாம் என்ற கேள்விக்கும் அதே வயதுதான். நம் தாத்தாக்களும் அதே கடைத்தெருவில் நின்று அதே குழப்பத்தில் தலையைச் சொறிந்தவர்கள். ஆகவே இன்றைக்கு நான் இரண்டு கடைத்தெருவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். ஒன்று அவர்களுடையது, ஒன்று என்னுடையது.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கதை. சைகோன் என்ற பெயர் நம் வீடுகளில் புழங்குவதற்கு நூறு வருஷம் முன்பே வியட்நாம் இங்கே வந்துவிட்டது. ஆடியில் செங்கழுநீரம்மன் தேருக்குப் போகிறோமே, வீராம்பட்டினம், அங்கேதான். அந்த நாட்டில் இருக்க முடியாமல் ஓடிவந்த கத்தோலிக்கக் குருமடம் ஒன்று 1770-இல் அந்த மீனவக் கிராமத்தில் இடம் பிடித்தது. அதை நடத்திய பிஞோ தெ பெஏன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், உடன் வந்த வியட்நாமிய மாணவர்களின் துணையோடு 1773-இல் ஒரு வியட்நாமிய-லத்தீன் அகராதியை எழுதி முடித்தார். உப்புக்காற்றில் கருவாடு காய்ந்துகொண்டிருந்த கரையில் இருந்துகொண்டு சைகோன் பக்கத்துச் சொற்களுக்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். அதை அடிப்படையாகக் கொண்ட அகராதி 1838-இல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சேறியது.

அதே பாதிரியார் 1785-இல் மறுபடி புதுச்சேரிக்கு வந்தபோது கையில் ஒரு குழந்தை. அரசுரிமைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த நுயென் ஆன் என்பவரின் மகன், இளவரசன் கான், வயது ஐந்து. பிரான்சின் உதவி கேட்டு மகனையே அனுப்பிவைத்திருந்தார் தகப்பன். 1786 ஜூலையில் கப்பலேறும் வரை ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பிள்ளை நம் ஊரில் இருந்தது. என்ன சாப்பிட்டது, எந்தத் தெருவில் விளையாடியது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஒரு மாதிரி ஆகும். தகப்பன் 1802-இல் யா லோங் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் அரசரானார். பிள்ளை அதற்கு முந்தின வருஷமே அம்மையில் இறந்துபோனது.

இப்போது நம் தாத்தாக்களின் கடைத்தெரு. 1859-இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களுக்கு, 1862 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே காவலுக்கும் கணக்குக்கும் வரிவசூலுக்கும் ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சு தெரிந்த, வெயில் தாங்குகிற ஆள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்தார்கள். 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்ட ரெனோன்சான்களுக்குக் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. சுங்கத்தில் குமாஸ்தா, போலீஸ், சிறைக் காவல் என்று போனார்கள். பால் கறந்து விற்கப் போனவர்களும் உண்டு. துணி வியாபாரத்துக்கு முஸ்லிம்கள் போனார்கள், வட்டிக்கடைக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். பாங்க் தெ லாந்தோஷீன் என்ற வங்கி 1875-இல் தொடங்கியபோது அதன் கண் சைகோன்மேலும் புதுச்சேரிமேலும்தான். நம் ஊர் ரூபாய் நோட்டையே அந்த இந்தோசீன வங்கிதான் வெளியிட்டது. பிறகு சொல்தாக்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவரைச் சொல்தா என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். 1954 மே மாதம் தியென் பியென் ஃபூவில் பிரான்சு தோற்றது; அதே நவம்பர் முதல் தேதி புதுச்சேரி கைமாறியது. ஆறே மாதத்தில் இரண்டு இடத்திலும் பிரான்சு பின்வாங்கியதைப் பார்த்த குடும்பங்கள் இங்கே உண்டு.

எங்கள் சின்னத் தாத்தா சைகோன் சுங்கத்தில் எழுத்தர். அவர் பெட்டியைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

அன்று நம் கடற்கரையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போடும். சலங்குப் படகில் இறக்கித்தான் ஆளும் சாமானும் அலை தாண்டி வரவேண்டும். அதனால் எடுத்துவருகிற பொருள் நனைந்தாலும் இடிபட்டாலும் தாங்க வேண்டும் என்பது அன்றைய முதல் சட்டம். சின்னத் தாத்தா அதை மதிக்கவில்லை. வீட்டில் சொல்லக் கேட்டது: அவர் கொண்டுவந்தவை நீல வெள்ளைப் பீங்கான் பூச்சாடி இரண்டு, யானைத் தந்தத்தில் ஒரு கிழவர் பொம்மை, அரக்குப் பூச்சுப் போட்ட சிகரெட் பெட்டி, முத்துச்சிப்பி பதித்த கருமரத் தட்டு ஒன்று, கொஞ்சம் வெள்ளிப் பியாஸ்தர். பியாஸ்தர் அன்றைய இந்தோசீனக் காசு. ஒன்று 27 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. நம் வீட்டுப் பெண்கள் அதை எடைபோட்டுப் பார்த்த பார்வையே வேறு. அவை கொலுசாகி, கொலுசு ஃபீஸாகி, என் பெரியப்பா பட்டதாரி ஆனார்.

பூச்சாடியில் ஒன்று அலையிலேயே போனது. மற்றது வரவேற்பறை அலமாரியில் முப்பது வருஷம் பூட்டிக்கிடந்து, ஒருநாள் பழம்பொருள் வாங்க வந்தவரின் வண்டியில் ஏறியது. தந்தக் கிழவர் எங்கே போனார் என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி உண்டு. சிகரெட் பெட்டியின் மூடி வீங்கித் திறக்கவே இல்லை. நின்றது அந்தத் தட்டு மட்டும்தான்.

ஏன் நின்றது? அதற்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்குத் தட்டு போதவில்லை என்று யாரோ அதை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் தட்டு அதுதான். ஓரத்தில் நாலைந்து சிப்பித் துண்டு உதிர்ந்துபோய், என் அத்தை அரக்கு உருக்கி ஒட்டியிருக்கிறார். நடுவில் மூங்கில், ஒரு கொக்கு, படகுக்காரன். மூன்று தலைமுறை மணப்பெண்களின் மஞ்சள் விரல் பட்டுப் படகுக்காரன் முகம் தேய்ந்துவிட்டது.

இன்னொன்றும் நின்றது. அது பெட்டியில் வரவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா வீடு. அந்த வீட்டு ஆயா வியட்நாமியர். கல்யாணமாகிக் கப்பலில் வந்தவர். அவரிடம்தான் அத்தை சாயோ என்ற பொரித்த சுருளைச் சுற்றக் கற்றுக்கொண்டார். உங்களில் பாதிப் பேர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கோ, பிரான்சிலிருந்து மகன் வந்தாலோ இது உண்டு. இதற்கு வடக்கு வியட்நாமில் நெம் ரான் என்று பெயர், பிரான்சில் நெம். சா யோ என்பது தெற்கத்திப் பெயர். அந்த நாட்டு எழுத்துப்படி வடக்கத்தியர் படித்தால் கடைசி அசையில் ஒரு ஸகரம் கேட்கும். யகரமாகச் சொல்வது சைகோன் நாக்கு. ஆக, எந்த ஊரிலிருந்து கப்பல் வந்தது என்பதை அந்த ஒரு யகரம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரிசித்தாள் கிடைக்காத வருஷங்களில் அத்தை மைதாவை மெல்லிசாகத் தேய்த்துச் சமாளித்தார். ஆயா அதைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனதாகக் கேள்வி.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வீட்டில் வேலை கிடைக்கிற பொருளை வாங்குங்கள். ஷோகேஸுக்கு வாங்காதீர்கள். ஷோகேஸ் என்பது பொருள்களுக்கு முதியோர் இல்லம்.

இந்த அளவுகோலோடு பென் தான் சந்தைக்குள் போனேன். 1914-இல் திறந்த சந்தை, மணிக்கூண்டு வாசல். நம் பெரிய மார்க்கெட்டில் காசு எண்ணிப் பழகியவர்களுக்கு அங்கே அச்சம் வேண்டியதில்லை; பேரம் இரண்டு ஊரிலும் ஒரே மொழி. கால்குலேட்டரில் அவர்கள் ஓர் எண்ணைத் தட்டுவார்கள், நீங்கள் ஓர் எண்ணைத் தட்டுவீர்கள், இருவரும் மனம் புண்பட்டதுபோல் நடிப்பீர்கள். ஆனால் பூஜ்யங்கள் ஏமாற்றும். ஐந்து லட்சம் தோங்குக்கு ஒரே நோட்டு உண்டு. ஐம்பதாயிரத்தையும் ஐந்து லட்சத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தேடியவர்களில் நானும் ஒருவன். கடைக்காரப் பெண் துரத்தி வந்து திருப்பித் தந்தார்.

முதலில் எல்லோரும் எடுப்பது கூம்புத் தொப்பி, நோன் லா. ஹுவே நகரத்தில் செய்வதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு ஓலை அடுக்குக்கு நடுவே வைத்த கவிதை வரி தெரியும், அழகுதான். ஆனால் பெட்டியில் வைத்தால் நசுங்கும், கையில் வைத்தால் இடிக்கும். தலையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது ஒன்றே வழி. நான் அப்படித்தான் வந்தேன். திருச்சியில் சுங்க அதிகாரி சிரித்துவிட்டுப் பையைத் திறக்காமலே அனுப்பினார். இப்போது என் மனைவி மொட்டைமாடியில் வடாம் பிழியும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறார். வேலை கிடைத்துவிட்டது.

அரக்குச் சாமானில் கவனம் வேண்டும். நாம் அரக்கு என்பது பூச்சி தருவது. அவர்களுடைய சோன் மாய் மரத்துப் பாலில் செய்வது. வடக்கே ஃபூ தோ பக்கத்து மரத்தைக் கீறி, ரப்பர் போல வடித்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சும் ஈரக்காற்றில்தான் உலரும், உலர்ந்ததும் நீரில் தேய்த்து மறுபடி பூசவேண்டும், இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. 1925-இல் ஹனோயில் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஓவியப் பள்ளியில்தான் இந்தப் பூச்சு வேலை ஓவியக் கலையாக மாறியது. மாதக்கணக்கில் செய்த பெட்டியை முந்நூறு ரூபாய்க்கு யார் தருவார்? சந்தையில் அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலிருந்து செய்யும் பெயின்ட். பண்ருட்டிக்காரர்கள் இங்கே இருந்தால் பெருமைப்படலாம். அது கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, தெரிந்து வாங்குங்கள். ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், பிளாஸ்டிக் போல் ஒரே சீராக மினுங்கினால் அது பெயின்ட். எதுவாக இருந்தாலும் அதில் சூடான ரசம் ஊற்றாதீர்கள்.

பட்டு விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில் முறுக்கையும் எடையையும் விரலால் பார்க்கிற அம்மாக்கள் லுவா, அதாவது பட்டு, என்று எழுதி வைத்த பாலியெஸ்டரில் ஏமாறமாட்டார்கள். ஆவ் யாய் என்ற அவர்கள் உடை நம் சுடிதாருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள். என் மருமகளுக்கு ஒன்று வாங்கினேன். இடுப்புக்கு மேலேயே தொடங்கும் பக்கப் பிளவைத் தையற்காரரிடம் கொடுத்து நாலு விரல் தைத்துக்கொண்டாள். இனி அது புதுச்சேரி ஆவ் யாய்.

காபி. இதில் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, எனக்கும் இருந்தது. 1857 வாக்கில் பிரெஞ்சுப் பாதிரிமார் கொண்டுபோன செடி. இன்றைக்கு ஏற்றுமதியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. விளைவது பெரும்பாலும் ரோபஸ்டா, பூவோன் மா துவோத் மலைப்பக்கம். கசப்பு நெற்றியில் அடிக்கும். அதனால்தான் கெட்டிப் பாலின்மேல் இறக்குகிறார்கள். இறக்குகிற சாமான் ஃபின். பிரெஞ்சு ஃபில்த்ருதான் அப்படித் தேய்ந்தது. பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பித்தளை ஃபில்டரின் மேல்பாதியைக் கழற்றி ஒரு தம்ளர்மேல் உட்காரவைத்ததுபோல் இருக்கிறது, உள்ளே அமுக்கும் தட்டு உட்பட. விலை மிகக் குறைவு, எடை இல்லை, உடையாது. பத்து வாங்கினாலும் பை தாங்கும். மரநாய் தின்று கழித்த கொட்டையில் செய்த காபி என்று மூட்டையில் வைத்து மலிவாக விற்பதை நம்பாதீர்கள். உலகத்து மரநாய் எல்லாம் ராப்பகலாகத் தின்றாலும் அவ்வளவு தேறாது.

நூக் மாம் என்ற மீன் சாறு பற்றிச் சொன்னால் சைவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஃபூ குவோக் தீவில் நெத்திலியையும் உப்பையும் பெரிய மரத்தொட்டியில் போட்டு ஒரு வருஷம் விட்டு வடிப்பது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தீவின் பெயருக்கே பாதுகாப்புத் தந்தது. பாட்டிலில் 30, 40 என்று ஓர் எண் இருக்கும். லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கு. எண் கூடக் கூடச் சாறு கெட்டி. பல விமானங்களில் இதை ஏற்றவே விடமாட்டார்கள், உடைந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டேன், மூடி முத்திரையிட்ட சின்ன பாட்டில் ஒன்று, மூன்று பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் என் பழைய வேட்டி. அரிசித்தாள் கட்டு நாலும் வாங்கினேன், தட்டையாக அடியில் வைத்தேன். ஆயாவுக்குச் செலுத்தவேண்டிய பாக்கி அது.

பாம்பு மிதக்கும் சாராயம், ஆமையோட்டுச் சீப்பு, தந்தம் என்று எதையும் தொடாதீர்கள். சின்னத் தாத்தா காலம் வேறு. இப்போது தந்தமும் ஆமையோடும் விற்பது இரண்டு நாட்டிலும் குற்றம். பழங்காலத்துப் பொருள் என்று சொல்லி விற்பதையும் விட்டுவிடுங்கள். பொய்யானால் காசு நஷ்டம், மெய்யானால் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு எடுத்துவர முடியாது.

சந்தையிலிருந்து நாலு எட்டு நடந்தால் துருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். நம்மவர்கள் கட்டியது. நான் போன அன்று அங்கே இருந்த தமிழன் நான் ஒருவன். மற்றவர் எல்லாம் வியட்நாமியர், கையில் ஊதுபத்திக் கட்டு, கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்கள் ஊரைவிட்டு வந்தபோது எடுத்துவர முடியாத சாமான் அது. பேச்சிலும் கொஞ்சம் விட்டுவந்திருக்கிறோம். வட்டிக்காரரைச் சேத்தி என்றார்கள்; நம்மைப் பொதுவாகச் சா வா என்றார்கள், ஜாவாக்காரன் என்று நினைத்து. அந்தப் பெயரில் ஒரு பாலமே இருக்கிறது. கா ரி என்ற கோழிக்குழம்பு தேங்காய்ப்பாலோடு, பிரெஞ்சு ரொட்டியோடு, அங்கே வீட்டுச் சாப்பாடு ஆகிவிட்டது.

மளிகைக் கடையில் அந்தக் கா ரிப் பொடிப் பொட்டலம் தொங்கியது. அட்டையில் ஏதோ இந்தியப் பெயர். வாங்கி முகர்ந்தேன். மஞ்சள் தூக்கல், மிளகாய் குறைவு, கொத்தமல்லி வறுக்காதது. சைகோனிலிருந்து குழம்புப்பொடி கொண்டுவந்த முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன் என்று என் மனைவி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு கோழிக்குழம்பு வைத்தார். அத்தைக்கு இப்போது எண்பத்தாறு வயது. ஒரு வாய் வைத்துவிட்டு, ஆயா வீட்டுக் குழம்பு என்றார். மிச்சத்தைத் தூக்கில் போட்டு எடுத்துப்போனார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பை இதோ. தட்டையும் கொண்டுவந்திருக்கிறேன், அத்தை அனுமதி தந்தார், கை ஈரமில்லாமல் தொடுங்கள். ஃபின்னில் காபி இறங்க ஐந்து நிமிஷமாகும், தம்பி வெந்நீர் வைத்திருக்கிறான். வேட்டியில் சுற்றி ஒரு பாட்டில் இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் யாரும் இந்த அறையில் திறக்க வேண்டாம்.